இடிக்காமல் ஊரைத் திருத்தியவர்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையிலிருந்து சாலை பஜார் வழியாகக் கிழக்கே நடந்து போனால் வலியசாலை வரும். காந்தளூர் மகாதேவர் கோயில், அதை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த கிராமத் தெருக்கள், பக்கத்திலே கிள்ளியாறு. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். வாசலில் கோலம், கொல்லையில் கிணறு. முதலாம் இராசராசனின் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை இந்த இடம்தான் என்று கருதுகிற அறிஞர்கள் உண்டு.

இப்படிப்பட்ட ஒரு பழைய குடியிருப்பை அபிவிருத்தி செய்ய வேண்டும் என்று யாராவது கிளம்பினால், முதலில் என்ன தோன்றும்? சந்து குறுகல், இடித்து அகலப்படுத்து. குளம் பாசி பிடித்துக் கிடக்கிறது, மண்ணைக் கொட்டித் தூர்த்துவிடு. வேப்பமரம் வழியை மறிக்கிறது, வெட்டு. ஜனங்கள்? அவர்கள் எங்காவது போய்க் குடியிருந்துகொள்வார்கள்.

அந்த இராசராசனின் தலைநகரான தஞ்சாவூரிலே, 1915-ஆம் ஆண்டில், இதே யோசனைதான் எழுந்தது. கோட்டைக்குள் நெருக்கமாக இருந்த தெருக்களை இடித்து நேர் சாலைகள் போட வேண்டும் என்று திட்டம் தயாராகியிருந்தது. அந்தத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில் சந்து சந்தாக நடந்து பார்த்துவிட்டு, இடிக்க வேண்டாம் என்று சொன்னவர் ஒரு வெள்ளைக்காரர். அப்போது அவருக்கு வயது அறுபது. கலைந்த தலை, அடர்ந்த தாடி. படித்ததும் கற்பித்ததும் தாவர சாஸ்திரம். பெயர் பாட்ரிக் கெட்டிஸ்.

நகரங்கள் பசுமையாக வேண்டும், நீர்நிலைகளைக் காக்க வேண்டும், திட்டம் போடுமுன் மக்களைக் கேட்க வேண்டும் என்று இன்று எல்லா நாடுகளிலும் பேசுகிறார்கள். இவற்றையெல்லாம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொன்னவர், செய்தும் காட்டியவர் அவர்.

தோட்டக்காரரின் பிள்ளை

கெட்டிஸ் பிறந்தது ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்ற சிற்றூரில். 1854 அக்டோபர் 2-ஆம் தேதி. தந்தை பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் இவர்தான் கடைக்குட்டி. குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் பெர்த் நகரத்திற்குக் குடிபெயர்ந்தது. மலைச்சரிவில் ஒரு சின்ன வீடு, அதைச் சுற்றிலும் தோட்டம். கீழே பார்த்தால் ஆறும் ஆற்றங்கரையிலே ஊரும் தெரியும். தந்தையோடு சேர்ந்து பாத்தி கட்டி, விதை போட்டு, உருளைக்கிழங்கு தோண்டி வளர்ந்த பையன் அவர். ஒரு செடி ஏன் இந்த மண்ணில் வளர்கிறது, அந்த மண்ணில் ஏன் வாடுகிறது என்பதைப் பள்ளிக்கூடத்திற்குப் போகுமுன்பே பார்த்துப் பழகிவிட்டார். பிற்காலத்தில் ஊர்களைப் பார்த்ததும் இதே கண்ணோடுதான்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் தந்தையின் விருப்பப்படி ஒரு பாங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கணக்கெழுதினார். நல்ல பெயரும் எடுத்தார். ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. பிறகு தாவரவியல் படிக்க எடின்பரோ பல்கலைக்கழகத்திற்குப் போனார். அங்கே செடிகளைக் காய வைத்துப் பெயர் எழுதி அடுக்குவதே பாடமாக இருந்தது. ஒரே வாரத்தில் வெளியேறிவிட்டார். நேரே லண்டனுக்குப் போய், டார்வினின் கொள்கைக்காக வாதாடிப் புகழ் பெற்ற பேராசிரியர் ஹக்ஸ்லியிடம் மாணவராகச் சேர்ந்தார். உயிருள்ளதை உயிரோடு, அது வாழும் இடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை அங்கே கற்றார்.

இருட்டறையில் சில வாரங்கள்

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ நாட்டுக்குப் போனார். போன இடத்தில் கண் நோய் கண்டது. பார்வையே போய்விடுமோ என்ற நிலை. வைத்தியர்கள் கண்ணைக் கட்டி இருட்டறையில் படுக்க வைத்தார்கள். வயது இருபத்தைந்து. நுண்ணோக்கியை நம்பி வாழ்க்கை நடத்த வந்தவருக்குக் கண் இல்லை என்றால் என்ன கதி?

வாரக்கணக்கில் அப்படிக் கிடந்தபோது, கையால் தடவித் தடவி ஜன்னலின் கட்டங்களை உணர்ந்தார். பிறகு ஒரு காகிதத்தைச் சதுரம் சதுரமாக மடித்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு விஷயமாக வைத்துச் சிந்திக்கத் தொடங்கினார். இடம் ஒரு கட்டம், தொழில் ஒரு கட்டம், ஜனங்கள் ஒரு கட்டம். இடம் தொழிலை எப்படி அமைக்கிறது? தொழில் ஜனங்களை எப்படி மாற்றுகிறது? ஜனங்கள் இடத்தை என்ன செய்கிறார்கள்? கடலோரத்தில் மீனவன், மலையில் ஆடு மேய்ப்பவன், சமவெளியில் உழவன் என்று கட்டத்திற்குக் கட்டம் பொருத்திப் பார்த்தார்.

பார்வை திரும்பியது. ஆனால் நுண்ணோக்கியில் நெடுநேரம் வேலை செய்ய முடியாமல் போயிற்று. ஆகவே செடியை ஆராய்ந்தவர் ஊரை ஆராயத் தொடங்கினார்.

ஏழைகள் சந்தில் குடித்தனம்

எடின்பரோவின் பழைய நகரம் அந்நாளில் பார்க்கச் சகிக்காத நிலையில் இருந்தது. வசதி படைத்தவர்கள் புது நகரம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன உயரமான பழைய கட்டிடங்களில் அறைக்கு ஒரு குடும்பமாக ஏழைகள் அடைந்து கிடந்தார்கள். காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, சாக்கடை வசதி இல்லை. இதையெல்லாம் தரைமட்டமாக்க வேண்டும் என்பதே பலரின் பேச்சு.

1886-ல் கெட்டிஸுக்குத் திருமணம் நடந்தது. மனைவி ஆனா மார்ட்டன், லிவர்பூல் வணிகர் ஒருவரின் மகள், சங்கீதம் தெரிந்தவர், வசதியான வீட்டில் வளர்ந்தவர். மணமான மறு வருஷமே கணவனும் மனைவியும் நல்ல வீட்டைக் காலி செய்துவிட்டு, அந்தப் பழைய நகரத்தின் ஜேம்ஸ் கோர்ட் என்ற சந்தில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துக் குடியேறினார்கள். சிநேகிதர்கள் சிரித்தார்கள்.

அவர்கள் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. முதலில் தங்கள் அறைகளைச் சுத்தம் செய்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், ஜன்னலில் மண்தொட்டி வைத்துப் பூச்செடி வளர்த்தார்கள். எதிர் வீட்டுக்காரி பார்த்தாள். அவளும் ஒரு தொட்டி வைத்தாள். மெல்ல மெல்ல அக்கம்பக்கத்தார் சேர்ந்துகொண்டார்கள். வாளியும் துடைப்பமுமாகக் கெட்டிஸே முன்னால் நின்றார். மிகவும் இற்றுப்போன ஒன்றிரண்டு கட்டிடங்களை மட்டும் அப்புறப்படுத்தி, அந்த இடத்தைக் காற்றும் வெயிலும் வரும் முற்றமாக விட்டார்கள். மற்றவற்றைப் பழுது பார்த்தார்கள். மாணவர்கள் தாங்களே நிர்வகிக்கும் விடுதிகளும் அங்கே ஏற்பட்டன. பேராசிரியர்களும் தொழிலாளிகளும் ஒரே தெருவில் வாழும்படி செய்தார்.

பிறகு அந்தப் பழைய நகரத்தில் சும்மா கிடக்கும் மனைகளை எல்லாம் அவரும் அவருடைய குழுவினரும் கணக்கெடுத்தார்கள். குப்பை கொட்டும் மூலை, இடிந்த வீட்டின் அடிமனை, இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள துண்டு என்று எழுபதுக்கும் மேற்பட்ட இடங்கள் தேறின. எல்லாம் சேர்த்தால் சுமார் 10 ஏக்கர். இடமே இல்லை என்று சொல்லப்பட்ட ஊரில் இவ்வளவு இடம்! அவற்றில் சிலவற்றைக் குழந்தைகள் விளையாடும் தோட்டங்களாக மாற்றினார்கள். அந்த வேலையில் அவருடைய மகள் நோராவுக்குப் பெரும் பங்கு உண்டு.

1888-ல் டண்டீ நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆண்டில் கோடைப் பருவத்தில் மட்டும் பாடம். மற்ற மாதங்களெல்லாம் ஊர் வேலைக்கு. 1892-ல் எடின்பரோக் கோட்டை அருகே ஒரு பழைய கோபுரக் கட்டிடத்தை வாங்கி, நகரத்தைப் பற்றிய காட்சிசாலையாக மாற்றினார். மேலே ஏறினால் ஊர் முழுவதும் தெரியும். ஒரு மாடி இறங்கினால் எடின்பரோவின் படங்கள். அதற்குக் கீழே ஸ்காட்லாந்து. அதற்கும் கீழே ஐரோப்பா, உலகம். தன் ஊரைத் தெரிந்துகொண்டுதான் ஒருவன் உலகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் பொருள்.

குறைகளும் அவரிடம் இருந்தன. பணக் கணக்கில் அவர் சூரர் அல்ல. வாங்கிய கட்டிடங்களால் கடன் ஏறி, நண்பர்கள் ஒரு சங்கம் அமைத்து அவரை மீட்க வேண்டியதாயிற்று. தொடங்கியது அநேகம், முடித்தது கொஞ்சம். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். தாடிக்குள்ளேயே பேசுவதால் பாதி யாருக்கும் கேட்காது. டன்ஃபர்ம்லின் என்ற ஊருக்காக 1904-ல் அவர் எழுதிக்கொடுத்த பெரிய பூங்காத் திட்டத்தைக் கேட்டவர்களே ஏற்கவில்லை.

எம்டன் மூழ்கடித்த மூட்டைகள்

நகரங்கள் எப்படிப் பிறந்தன, எப்படி வளர்ந்தன, எங்கே நோய்ப்பட்டன என்பதைப் படங்கள், வரைபடங்கள், மாதிரிகள் மூலம் காட்டும் கண்காட்சி ஒன்றைக் கெட்டிஸ் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்திருந்தார். லண்டன், எடின்பரோ, டப்ளின் நகரங்களில் காட்டினார். 1913-ல் பெல்ஜியத்தில் கெண்ட் நகரில் அதற்கு உயர்ந்த பரிசு கிடைத்தது.

அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் பெண்ட்லண்ட் பிரபு. அவர் கெட்டிஸை இந்தியாவுக்கு அழைத்தார். 1914-ல் மகன் அலஸ்டேரோடு கெட்டிஸ் கப்பலேறினார். கண்காட்சிப் பெட்டிகள் 'கிளான் கிராண்ட்' என்ற வேறொரு சரக்குக் கப்பலில் பின்னால் வந்தன.

முதல் உலகப் போர் தொடங்கியிருந்த நேரம். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இந்துமகா சமுத்திரத்தைக் கலக்கிக்கொண்டிருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது அதுதான். சாமர்த்தியமான ஆளைப் பார்த்து அவன் பெரிய எம்டன் என்று தமிழர்கள் சொல்வது அன்றிலிருந்து வந்த வழக்கம். அடுத்த மாதமே எம்டன் அரபிக்கடல் பக்கம் திரும்பியது. திருவனந்தபுரத்திற்கு நேர் மேற்கே கடலில் உள்ள மினிக்காய்த் தீவின் அருகே அது பிடித்து மூழ்கடித்த கப்பல்களில் கிளான் கிராண்டும் ஒன்று. கெட்டிஸின் இருபது ஆண்டு உழைப்பு கடலடிக்குப் போய்விட்டது.

வேறொருவராக இருந்தால் ஊர் திரும்பியிருப்பார். கெட்டிஸ் சீமையில் இருந்த நண்பர்களுக்கு எழுதினார். அவர்கள் அவசரம் அவசரமாகப் புதிய படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது. தந்தையும் மகனும் சேர்ந்து எல்லாவற்றையும் மாட்டி முடித்தார்கள்.

தஞ்சையும் மதுரையும் காஞ்சியும்

கண்காட்சியோடு நிற்காமல், மாகாணத்து ஊர்களைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலையும் அவருக்குத் தரப்பட்டது. நகரசபை அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்ப்பது அவர் வழக்கமல்ல. விடியற்காலையில் புறப்பட்டால் இருட்டும் வரை நடை. கூட வரும் உத்தியோகஸ்தர்கள் களைத்துப் போவார்கள். கோயில், கடைவீதி, கிணற்றடி, சேரி, சுடுகாடு எல்லாம் பார்த்தாக வேண்டும்.

வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. ஊருக்கும் அப்படித்தான் என்பது அவர் முதல் விதி. இரண்டாவது விதி, கத்தியை எடுத்தாலும் சிறு கீறலோடு நிறுத்த வேண்டும் என்பது. விரலில் புண் என்றால் கையை வெட்டக்கூடாது.

தஞ்சைக் கோட்டைக்குள் இதைத்தான் செய்துகாட்டினார். நகரசபைத் திட்டத்தின்படி நேர்கோட்டுச் சாலைகள் போட்டால் நல்ல வீடுகள் வரிசையாக இடிபடும். கெட்டிஸ் வீடு வீடாகப் பார்த்தார். எது உறுதியான வீடு, எது விழுந்த வீடு, எது காலிமனை என்று குறித்தார். விழுந்த வீடுகளையும் காலிமனைகளையும் மட்டும் சேர்த்தாலே ஆங்காங்கே சிறு சதுக்கங்கள் கிடைத்தன. அங்கே ஒரு மரம், ஒரு கிணறு, குழந்தைகள் விளையாட இடம். சந்துகளின் முட்டுகளை மட்டும் நீக்கிவிட்டால் காற்றும் நடமாட்டமும் சரியாகிவிடும். இடிப்புத் திட்டத்தோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம் என்று கணக்கும் காட்டினார்.

செலவைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் அவர் கவனித்தார். இடிக்கப்பட்ட தெருவின் ஜனங்கள் எங்கே போகிறார்கள்? அவர்கள் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. அடுத்த சந்துக்குப் போகிறார்கள். அங்கே ஐந்து பேர் இருந்த அறையில் பத்துப் பேர் ஆகிறார்கள், வாடகை ஏறுகிறது, நோயும் ஏறுகிறது. நெரிசலைக் குறைக்கிறேன் என்று இடிப்பவர்கள் நெரிசலைக் கூட்டுகிறார்கள். நகர வளர்ச்சி என்ற பெயரில் ஏழைகளைத் துரத்துவதை அவர் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

குறுகிய சந்துகளையும் அவர் குறைவாக எண்ணவில்லை. வெயில் கொளுத்தும் நாட்டில் இரு பக்கச் சுவர்களும் தரும் நிழல் ஒரு வரம். வண்டிகள் ஓடப் பெருந்தெரு போதும். வீட்டு வாசலுக்கெல்லாம் அகலச் சாலை போட்டால் புழுதியும் வெக்கையும்தான் மிச்சம். அந்தப் பணத்தில் வீடுகளைச் செப்பனிடலாம் என்றார்.

கோயில் நகரங்கள் அவரை வியப்பில் ஆழ்த்தின. தேர் ஓடும் அகலமான வீதிகள், உள்ளே போகப்போக அமைதியான குடியிருப்புகள், திருக்குளம், நந்தவனம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே திட்டமாகப் பார்த்தார். ஐரோப்பாவில் அப்போது தோட்ட நகரம் என்ற புதுக் கொள்கை பிரபலமாகிக்கொண்டிருந்தது. அந்தக் கனவு காஞ்சிபுரத்தில் எப்போதோ நனவாகிவிட்டது என்ற கருத்தைக் கெட்டிஸ் எழுதிவைத்தார். மேல்நாட்டிலிருந்து பாடம் சொல்ல வந்தவர் இங்கே பாடம் கேட்டுக்கொண்டார்.

குளத்தில் மீன் விடுங்கள்

பம்பாய் மாகாணத்து ஊர்களுக்குப் போனபோது வேறொரு வழக்கு. மலேரியாவைப் பரப்பும் கொசு குளத்தில் உற்பத்தியாகிறது. ஆகவே குளங்களைத் தூர்க்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் சொன்னார்கள். கெட்டிஸ் உயிரியல் படித்தவர். குளத்தைச் சுத்தம் செய்து மீனும் வாத்தும் விட்டால் கொசுப் புழுக்களை அவை தின்றுவிடும் என்றார். குளம் ஊரைக் குளிர்விக்கிறது. மழை வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. கிணறுகளில் நீர் நிற்க வைக்கிறது. அதைத் தூர்ப்பது சொத்தை அழிப்பதாகும் என்று வாதாடினார்.

வலியசாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தம்பானூரை அறிந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தாழ்ந்த நிலம், கொஞ்சம் பலத்த மழை வந்தால் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் வெள்ளக்காடு. நீர் போக வேண்டிய ஆமையிழஞ்சான் தோடு ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கிறது. அடைப்புகளை நீக்க 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் பெரிய முயற்சி நடந்தது. ஓடையை மறைத்துக் கட்டுவது ஒரு தலைமுறை. அதைத் தேடி எடுப்பது அடுத்த தலைமுறை.

ஒரே ஆண்டில் இரண்டு இழப்புகள்

1917-ஆம் ஆண்டு கெட்டிஸின் வாழ்க்கையை உலுக்கிவிட்டது. செனட் மண்டபத்தில் தந்தையோடு நின்று படம் மாட்டிய அலஸ்டேர் போர்முனைக்குப் போயிருந்தார். ஏப்ரல் மாதம் பிரான்சில் குண்டுக்கு இரையானார். செய்தி வந்தபோது ஆனா காய்ச்சலில் படுத்திருந்தார். இதைச் சொன்னால் தாங்கமாட்டார் என்று கெட்டிஸ் சொல்லவில்லை. மகன் உயிரோடு இருப்பதுபோலவே பேசி வந்தார். ஜூன் மாதம் கல்கத்தாவில் ஆனா காலமானார். மகனின் மரணம் அந்தத் தாய்க்குக் கடைசி வரை தெரியாது.

முப்பது ஆண்டுகளாக, ஜேம்ஸ் கோர்ட் சந்திலிருந்து கல்கத்தா வரை, அவருடைய எல்லாக் காரியங்களுக்கும் பின்னால் நின்று கணக்கும் கடிதமும் வீடும் பார்த்தவர் ஆனா. துயரத்தை மறக்கக் கெட்டிஸுக்குத் தெரிந்தது வேலை ஒன்றுதான். இந்தூர் சமஸ்தானத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. போனார்.

ஒருநாள் மகாராஜா

இந்தூரில் பிளேக் நோய் பயம். எலிகள் பெருகியிருந்தன. வரைபடத்தோடு சந்து சந்தாகத் திரியும் தாடிக்காரரைக் கண்டு ஜனங்களுக்குச் சந்தேகம். வீட்டை இடிக்க வந்தவர் என்று ஒதுங்கினார்கள். கெட்டிஸ் மகாராஜாவிடம் ஒரு விசித்திரமான வரம் கேட்டார். வரும் தீபாவளிக்கு ஒருநாள் மட்டும் தன்னை மகாராஜாவாக இருக்க விட வேண்டும். மகாராஜா சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

தீபாவளி ஊர்வலம் இந்த முறை வழக்கமான வழியில் போகாது. எந்தத் தெருவில் வீடுகளைச் சுத்தம் செய்து செப்பனிட்டிருக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று ஊருக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வளவுதான். தெருவுக்குத் தெரு போட்டி. ஒட்டடை அடித்தார்கள், சுண்ணாம்பு பூசினார்கள், வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. எலிகளுக்குப் பொறி வைத்தார்கள்.

ஊர்வல நாளில் யானைகளும் குதிரைகளும் வந்தன. அழுக்கு அரக்கனின் பெரிய உருவம், பிளேக் எலியின் உருவம், கொசுவின் உருவம் எல்லாம் வந்தன. ஆனால் ஊர் வாய்பிளந்து பார்த்தது வேறொன்றை. நகரத்தைப் பெருக்கும் தோட்டித் தொழிலாளர்கள் வெள்ளை வெளேரென்ற புத்தாடை அணிந்து, மாலை போட்டுக்கொண்டு, அந்த ஊர்வலத்தில் கம்பீரமாக நடந்து வந்தார்கள். அவர்களுடைய வண்டிகளுக்கும் வர்ணம் பூசி அலங்காரம். எவரைத் தொடவும் மறுத்தார்களோ அவர்களுக்கு அன்று ராஜ மரியாதை. வீடுகளுக்கு நடுவதற்குத் துளசிக் கன்றுகள் வழங்கப்பட்டன. கடைசியில் அழுக்கு அரக்கனைக் கொளுத்தினார்கள். அதன் பிறகு இந்தூர் மக்கள் கெட்டிஸைக் கண்டு ஒதுங்கவில்லை.

1918-ல் இந்தூருக்காக இரண்டு பாகங்களாக அவர் எழுதிய அறிக்கை அவருடைய இந்திய வேலைகளில் மிகப் பெரியது. ஊர்க் கழிவையெல்லாம் பூமிக்கடியில் குழாய் வைத்து ஆற்றில் தள்ளுவதை அவர் ஏற்கவில்லை. மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்ப வேண்டும். கழிவு தோட்டத்திற்கு உரமாக வேண்டும். அப்போது ஆறும் பிழைக்கும், காய்கறியும் விளையும் என்றார். பின்னாளில் அதே இந்தூரில்தான் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற விஞ்ஞானி குப்பையிலிருந்து உரம் தயாரிக்கும் முறையை வகுத்து உலகப் புகழ் பெற்றார். தூய்மை நகரங்களுக்கான தேசியக் கணக்கெடுப்பில் 2017 முதல் 2023 வரை தொடர்ந்து ஏழு முறை முதலிடம் பெற்றதும் இந்தூரே.

கடைசி ஆண்டுகள்

1919-ல் டண்டீ கல்லூரியிலிருந்து விடைபெற்றபோது அவர் ஆற்றிய உரை இலையைப் பற்றியது. உலகத்து உயிர்களெல்லாம் இலையை நம்பித்தான் வாழ்கின்றன. காசுதான் நம்மை வாழ வைக்கிறது என்று மனிதன் நினைப்பது மயக்கம் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையின் முதல் பேராசிரியரானார். 1920-ல் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். தாகூரின் நட்பும் அவருக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் எழுந்த விழிப்பின் பலனாகச் சென்னை மாகாணத்தில் 1920-ல் நகர அமைப்புச் சட்டம் வந்தது.

உடல்நலம் கெட்டதால் 1924-ல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். தென் பிரான்சில் மோன்பெலியே நகரின் வெளிப்புறத்தில் ஒரு குன்றை வாங்கி, பல நாட்டு மாணவர்களுக்கான கல்லூரி தொடங்கினார். தோட்டம் போட்டார். 1925-ல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். அவர் எழுதிய நகரத் திட்டங்களில் பெருமளவு நிறைவேறியது அது ஒன்றுதான் என்று சொல்லலாம். முன்பு ஒருமுறை மறுத்த 'சர்' பட்டத்தை 1932-ல் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி மோன்பெலியேயில் காலமானார். வயது 77.

மிச்சம் இருப்பது

இந்தியாவில் மட்டும் அவர் ஆராய்ந்த நகரங்கள் சுமார் ஐம்பது. அவற்றில் பெரும்பாலான அறிக்கைகள் அலமாரியில் தூங்கின. இஞ்சினியர்களுக்கு அவர் ஒரு தொந்தரவு. பூங்காக்களும் குளங்களும் வரவு செலவுக் கணக்கில் வருமானம் காட்டுவதில்லை. ஆயினும் அவர் எழுதியவற்றைப் பிற்காலத்தார் தூசு தட்டி எடுத்தார்கள். பல ஊர்கள் வளர்ந்து வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல்லே அவர் 1915-ல் எழுதிய நூலில் உருவாக்கியதுதான். பாறசாலையிலிருந்து காசர்கோடு வரை எங்கே ஓர் ஊர் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாத கேரளத்தைப் பார்த்தால் அந்தச் சொல்லின் அர்த்தம் விளங்கும்.

கெட்டிஸின் வழி எளியது. ஊரைத் திருத்தப் பெரிய இயந்திரம் வருவதற்கு முன்னால், அந்தத் தெருவில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஏராளம் உண்டு என்று நம்பினார். ஜேம்ஸ் கோர்ட் சந்தில் ஒரு மண்தொட்டியில்தான் அவர் தொடங்கினார்.

நெடுமங்காட்டுப் பக்கத்து மேட்டு நிலங்களில் பிறந்து வரும் கிள்ளியாறு வலியசாலையைக் கடந்து கரமனையாற்றில் கலக்கிறது. ஒருகாலத்தில் குளிக்கவும் துவைக்கவும் உதவிய ஆறு, பிறகு நகரத்தின் அழுக்கைச் சுமந்தது. 2018-ல் அதைச் சுத்தம் செய்ய ஊர் ஊராக ஜனங்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். அப்படி இறங்குபவர்களில் பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து சந்துகளில் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இருக்கலாம். ஊர் யாருடையது என்ற கேள்விக்குக் கெட்டிஸ் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்னார். சொந்த ஊரை விட்டு வந்த அவர், தஞ்சைச் சந்துகளில் நடந்தபோது, அவற்றைத் தம் ஊராகவே நினைத்து நடந்தார்.